பாஸ்டரின் வீட்டுக்காகத் தனியாக ஜெபியுங்கள்

கேள்வி: எங்களுடையது சின்னச் சபை. இரண்டு வருடங்களுக்கு முன் மூப்பர்களுக்குள் வந்த பிரச்சினையில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிரிந்து போய்விட்டன. காணிக்கை குறைந்துவிட்டதால் பாஸ்டருக்குச் சம்பளம் பல மாதம் பாக்கி. அவர் பிரசங்கத்தில் முன்பிருந்த உயிர் இல்லை. பாஸ்டரம்மா ஒருநாள் என்னிடம், "இவர் ராத்திரி தூங்குறதே இல்லை, எழுந்து உட்கார்ந்துட்டே இருக்கார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அழுதார். அவர்களுடைய மூத்த மகன் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நான் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் "ஆண்டவரே, எங்கள் சபையை ஆசீர்வதியும், எழுப்புதல் தாரும்" என்பதைத் தாண்டி வார்த்தை வரவில்லை. இவ்வளவு ஜெபித்தும் ஒன்றும் மாறாவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஜெபக் குழுவில், "என்ன விஷயம் என்று சொன்னால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும்" என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஜெபக் குழு இந்த வாரமும் கூடும். சொல்லாதீர்கள். பாஸ்டரம்மா உங்களை நம்பிச் சொன்னது உங்களோடு இருக்கட்டும்.

போதகர் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. ஒருவரிடம் மனம் திறந்து சொன்னது ஜெப விண்ணப்பமாகச் சபை முழுவதும் சுற்றிவிட்டது என்ற வேதனையை அந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. "பாஸ்டருக்குத் தூக்கம் வரவில்லையாம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவரிடம் போகும்போது "ரொம்ப மன அழுத்தத்தில் இருக்கிறாராம்" என்று ஆகிவிடும். மூன்றாவது ஆள் வாட்ஸ்அப்பில் போடும்போது, "ஊழியத்தையே விட்டுவிடுவார் போலிருக்கிறது, பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருவர் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா இப்போ பரவாயில்லையாம்மா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார், உங்களிடமும்தான்.

குழுவில், "பாஸ்டர் குடும்பத்துக்கு இளைப்பாறுதலும் பெலனும் வேண்டும், அதற்காக ஜெபிப்போம்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாராவது வற்புறுத்திக் கேட்டால், "என்னால் அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்தால்தான் பாரம் வரும் என்பது நம்முடைய எண்ணம். நாம் கேட்பதற்கு முன்னமே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். இந்த இரகசியத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஜெபத்துக்கு வருவோம். உங்களுக்கு வார்த்தை வராததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வேறு பாரங்களை ஒரே வரியில் ஏற்றிவிட்டீர்கள். சபைக்காக ஜெபிப்பது ஒன்று, பாஸ்டருடைய வீட்டுக்காக ஜெபிப்பது இன்னொன்று. நாம் எல்லோருமே இந்த இரண்டையும் சேர்த்துவிடுகிறோம். "பாஸ்டருக்கு நல்ல சுகம் தாரும், ஊழியம் தடையில்லாமல் நடக்க வேண்டும்." "பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும், சபைக்குச் சாட்சியாக இருக்க வேண்டும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் சுகம், தூக்கம், சந்தோஷம் எல்லாம் சபைக்குப் பயன்படுவதற்காகவே கேட்கப்படுகின்றன. நாளைக்கு உங்கள் சபை இல்லாமலே போனாலும் அந்த மனிதர் தூங்க வேண்டும், அந்த அம்மா சிரிக்க வேண்டும், அந்தப் பையன் தேவனை அறிய வேண்டும். அதற்காக ஜெபிக்கிறவர்கள் எத்தனை பேர்? நீங்கள் அந்த ஜெபத்தைத் தொடங்குங்கள். முடிந்தால் நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள், காலையில் வீட்டுக்காக, மாலையில் சபைக்காக என்று.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். கர்மேல் பர்வதத்தில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிராகத் தனி ஆளாக நின்ற எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவன் அதற்கு என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். அப்புறம் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போனபிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்கிறார். மனதில் இருந்ததை எல்லாம் எலியா கொட்டுகிறார், ஒரே புலம்பலை இரண்டு முறை. கர்த்தர் இரண்டு முறையும் கேட்டார். அதற்குப் பிறகே அடுத்த வேலையைக் கொடுத்தார். அந்த வேலையோடு எலிசா என்கிற துணையையும் காட்டினார்.

அந்த வரிசையிலேயே உங்கள் பாஸ்டருக்காக ஜெபிக்கலாம். முதலில் தூக்கம். பிறகு பசித்துச் சாப்பிடுகிற ஆரோக்கியம். பிறகு தடையில்லாமல் மனம்விட்டுப் பேச ஓர் இடம், தன் சபையைச் சேராத ஒரு நண்பரோ மூத்த போதகரோ. பிறகு பாரத்தைப் பங்குபோட ஓர் ஆள். பிரசங்கத்தில் உயிர் திரும்புவது அதற்கெல்லாம் பின்னால் வரட்டும். அவர் பிரசங்கத்துக்காக மட்டும் வேதத்தைத் திறக்காமல், தன் ஆத்துமாவுக்காகவும் திறக்க வேண்டும் என்று கேளுங்கள். பல போதகர்கள் இழப்பது அதைத்தான், வெளியே யாருக்கும் தெரியாமல்.

இப்படி ஜெபிப்பது அவரைச் சின்னவராக்குவதாகாது. "ஜனத்தின் பாரத்தை நான் ஒருவனாகச் சுமக்க முடியாது, என்னைக் கொன்றுபோடும்" என்று மோசே கேட்டது எண்ணாகமம் 11-ல் இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தேவன் கொடுத்தது 70 மூப்பர்களை. அன்றைய ரோம மாகாணமான ஆசியாவில் தனக்கு நேரிட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று 2 கொரிந்தியர் 1-ல் பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். எழுதிவிட்டு, நீங்களும் ஜெபத்தினால் எங்களுக்கு உதவி செய்கிறீர்கள் என்கிறார். "சகோதரரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:25-ல் கேட்கிறவரும் அவரே. பெரிய பிரசங்கியார் ஸ்பர்ஜனை எல்லோருக்கும் தெரியும். 1856 அக்டோபரில், அவருக்கு 22 வயதாக இருந்தபோது, லண்டனில் அவர் பிரசங்கித்த கூட்டத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்தியதால் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதிலிருந்து மீள அவர் மிகவும் கஷ்டப்பட்டார். வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு அவருக்கு அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது. அதை மறைக்காமல் தன்னிடம் படித்த போதக மாணவர்களிடமே பேசினார். அவர் பிரசங்கத்துக்கு அதனால் பெருமை குறைந்துவிடவில்லை.

பாஸ்டரம்மாவுக்காக ஜெபிக்கும்போது அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். நம் சபைகளில் அவர் பெயரே பலருக்குத் தெரியாது. எங்கும் "பாஸ்டரம்மா"தான். சம்பளமோ பதவியோ இல்லாத ஒரு வேலையை எல்லோருடைய கண் முன்னாலும் அவர் செய்துகொண்டிருக்கிறார். சபை பிரிந்தபோது நீங்கள் சில குடும்பங்களை இழந்தீர்கள். அவர் தன் தோழிகளை இழந்தார். அவர்களைப் பற்றி நல்லதாகப் பேசினால் இருக்கிறவர்களுக்குக் கோபம் வரும், குறையாகப் பேசினால் "பாஸ்டரம்மாவே இப்படிப் பேசலாமா" என்பார்கள். அதனால் அவர் பேசுவதே இல்லை. உங்களிடம் அழுதார் என்றால், அவர் வெகுநாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்திருக்கிறது. "அவர் மனம்விட்டுப் பேச ஒருவரைத் தாரும்" என்று ஜெபித்தால், அந்த ஒருவர் அநேகமாக நீங்கள்தான். அடுத்த முறை அவர் பேசும்போது வசனம் சொல்லித் தேற்ற அவசரப்படாதீர்கள். கேளுங்கள், கூட அழ வேண்டியிருந்தால் அழுங்கள்.

மூத்த மகனைப் பற்றி உங்களுக்கு உள்ள கவலை புரிகிறது. "அவன் மறுபடியும் சபைக்கு வர வேண்டும்" என்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவன் பார்த்ததை யோசியுங்கள். தன் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசிச் சிரித்தவர்கள், தன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், ஒருநாள் தன் அப்பாவைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டதைப் பார்த்திருப்பான், அல்லது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருப்பான். அடுத்த ஞாயிறு அதே அப்பா மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்ததையும் கேட்டிருப்பான். இதற்குப் பிறகு ஒரு பையன் ஆராதனைக்கு வராமல் இருப்பதை வெறும் பின்மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதர் செய்ததைத் தேவன் செய்ததாக அவன் எண்ணிவிடக் கூடாது என்று ஜெபியுங்கள். "பாஸ்டர் பையனே இப்படி இருக்கலாமா" என்று யாரும் அவனிடம் சொல்லிவிடக் கூடாது என்றும் ஜெபியுங்கள். வழியில் பார்த்தால் அவன் படிப்பைப் பற்றி, அவனுக்குப் பிடித்த விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள். சபையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். தன்னைப் பாஸ்டருடைய மகனாகப் பார்க்காமல் தனக்காகவே விசாரிக்கிற ஒரு பெரியவர் அவனுக்கு வேண்டும். இளைய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் மறக்காதீர்கள். மூத்தவன் விலகியதும் அவன் சுமந்த எதிர்பார்ப்பெல்லாம் அவர்கள் தலையில் வந்து விழுந்திருக்கும்.

சரி, சபைக்காக எப்படி ஜெபிப்பது? எழுப்புதல் கேளுங்கள், தவறில்லை. ஆனால் நாற்காலிகள் நிரம்புவதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரங்களில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் உண்டு. அவற்றில் கண்டிப்பே இல்லாமல் கடிதம் பெற்றவை சிமிர்னா, பிலதெல்பியா ஆகிய இரண்டுதான். சிமிர்னாவில் தரித்திரம். பிலதெல்பியாவில் பெலன் கொஞ்சம்தான் என்று கர்த்தரே சொல்கிறார். உயிருள்ள சபை என்று பெயர் வாங்கியிருந்த சர்தைக்குத்தான், "செத்தவனாயிருக்கிறாய்" என்ற வார்த்தை போனது. உங்கள் சபை சின்னதாகிவிட்டது என்பதற்காகத் தேவன் அதை விட்டுவிட்டார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிரிந்துபோன குடும்பங்களையும் பெயர் சொல்லி ஜெபத்தில் வையுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். "அவர்கள் தவறை உணரச் செய்யும்" என்று தொடங்கிவிடாமல், அவர்கள் வீட்டுச் சமாதானத்துக்காக, பிள்ளைகளுக்காக, இப்போது அவர்கள் போகிற சபைக்காகத் தொடங்குங்கள். மாற்கு என்ற உடன் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போகும் விஷயத்தில் பவுலும் பர்னபாவும் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தது அப்போஸ்தலர் 15-ல் இருக்கிறது. பின்னாளில் 2 தீமோத்தேயு 4:11-ல் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நடுவில் வருடக்கணக்கான காலம் ஓடியிருந்தது. அந்தப் பிரச்சினையில் உங்கள் பாஸ்டர் பக்கமும் ஏதாவது தவறு இருந்திருக்கலாம். இருந்தால் அது வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்றும் ஜெபியுங்கள், ஆனால் முறையாக. மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது 1 தீமோத்தேயு 5:19. வாசலில் நின்று பேசுகிற பேச்சை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சம்பள விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். நெகேமியா 13:10-ஐப் பாருங்கள். தேவாலயத்தில் பணிசெய்த லேவியருக்குரிய பங்குகள் கொடுக்கப்படாததால் அவர்கள் தங்கள் வயல்களுக்கே ஓடிப்போய்விட்டார்கள். நெகேமியா ஜெபிக்கிற மனிதர்தான், அந்தப் புத்தகம் முழுக்க அவர் ஜெபம் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் அவர் முதலில் செய்தது, தலைவர்களைக் கூப்பிட்டு, தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று வழக்காடியது. பிறகு நம்பகமானவர்களைப் பொக்கிஷ அறைகளுக்குப் பொறுப்பாக வைத்தார். உங்கள் சபையிலும் இது கமிட்டி உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பாக்கிச் சம்பளம் ஒரு கடன். அதை அன்பின் காணிக்கை போல, மனமிருந்தால் கொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. எவ்வளவு பாக்கி என்று எழுதி, எந்த மாதத்துக்குள் எப்படிக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். முழுச் சம்பளம் கொடுக்க இனி முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லி, அவர் பகுதிநேரமாக வேறு வேலை பார்க்கச் சபை முழுமனதோடு சம்மதிக்க வேண்டும். பவுலும் கூடாரம் செய்கிற தொழில் செய்தார். நீங்கள் கமிட்டியில் இல்லாவிட்டாலும், கமிட்டியில் இருக்கிற ஒருவரிடம் இதைச் சொல்லலாம். உணவும் உடையும் இல்லாதவரிடம் சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு 2-ல் கேட்கப்பட்ட கேள்வி, பாக்கி வைத்துக்கொண்டு பாஸ்டருக்காக உபவாச ஜெபம் நடத்துகிற சபைக்கும் பொருந்தும். உங்களால் தனியாக ஏதாவது கொடுக்க முடிந்தால், யாருக்கும் தெரியாமல், அவர்கள் கைநீட்டி வாங்க வேண்டிய சங்கடம் இல்லாத விதத்தில் கொடுங்கள்.

ஜெபித்தும் மாறாவிட்டால்? இதற்கு உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மாறாமலும் போகலாம். தன்னை முள்ளாய் வருத்திய ஒரு பாடு நீங்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டும் அது எடுக்கப்படவில்லை. உங்கள் பாஸ்டர் வேறு இடத்துக்குப் போகலாம், சபை இன்னொரு சபையோடு சேர்ந்துவிடலாம், மூடப்படவும் கூடும். அப்படி நடந்தால் உங்கள் ஜெபம் வீணாய்ப் போனது என்று எண்ணாதீர்கள். வீட்டையும் சபையையும் தனித்தனியாக ஜெபத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கதவு மூடிய சபையிலிருந்தும் ஒரு குடும்பம் விசுவாசத்தோடும், ஒருவர்மேல் ஒருவர் அன்போடும் வெளியே வர முடியும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய சபையில் இருந்துகொண்டே வீட்டுக்குள் உடைந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வார்த்தை வராத நாளில் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்காக வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாக இருக்கிறது. இல்லையென்றால் இப்படி ஜெபிக்கலாம்: "ஆண்டவரே, இன்று இரவு அவர் தூங்கட்டும். அவர் விழித்திருந்தால் நீர் கூட இரும். அந்த அம்மாவின் பயத்தை எடுத்துப்போடும். அந்தப் பையன் உம்மை வெறுக்காதபடி காத்துக்கொள்ளும். நான் செய்யவேண்டியது எது என்று காட்டும், மற்றதில் தலையிடாமலிருக்க உதவி செய்யும்." இவ்வளவு போதும், தினமும் சொன்னால்.

கடைசியாக, அந்தத் தூக்கமின்மை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், வேலைச் சுமையால் வருகிற முழுச் சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: சக்தியெல்லாம் வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். அதை அவர்கள் தனி நோய் என்று சொல்லவில்லை. ஆனால் தூக்கமின்மையும், எதிலும் ஆர்வமில்லாத நிலையும், சோகமும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற போதகரை நாம் அவிசுவாசி என்று சொல்வதில்லையே, இதுவும் அப்படித்தான்.

நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது", "சாகலாம் போலிருக்கிறது" என்கிற மாதிரி வார்த்தை பாஸ்டர் வாயிலிருந்து வந்ததாகப் பாஸ்டரம்மா சொன்னால், அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவரை தனியாக விடக் கூடாது. குடும்பத்தில் நம்பகமான ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இரகசியம் காப்பது அன்பாகாது. ஜெபக் குழுவுக்கு அப்போதும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் பாஸ்டரம்மாவைத் தனியாகப் பார்க்கும்போது, "ஐயாவை டாக்டர் யாராவது பார்த்தாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஒரு நாள் குறித்து இருவரும் போய்வரச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். எங்கே போனார்கள் என்று சபையில் யாராவது கேட்டால், ஒரு வேலையாக வெளியே போயிருக்கிறார்கள் என்பதே போதுமான பதில்.